பதினாறு தோள்

அன்றைக்குக் கோயில் மடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். ஐயர். குறிகட்டுவானில் படகு ஏறி வந்தவர், பின்னேரப் படகுக்குத் திரும்ப வேணும் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். தலைவர், பென்சன் எடுத்த மாஸ்டர், இடுப்பில் நாரிப் பிடிப்போடு கதிரையில். செயலாளர், சந்தியில் கடை வைத்திருப்பவர். மாடு வளர்க்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். தபால்காரர். நான். என் மகன், தூணோடு சாய்ந்து. பிறகு, ஒரு செம்பில் சாத்தி வைத்த போனுக்குள் என் மனைவியின் தம்பி, கனடாவில். அங்கே அவருக்கு விடியவில்லை. போர்வையோடு இருந்தார்.

தீர்த்தத்துக்கு ஒரு மாதம் இருந்தது. எங்கள் கோயில் சின்னக் கோயில். நெடுந்தீவில் இதைவிடப் பெரிய கோயில்கள் உண்டு. ஆனால் தீர்த்தத்தன்று சாமி தோளில் கடலுக்குப் போக வேணும். ஒரு கட்டை, ஒரு மைல் தூரம். இரண்டு காவுதடி. முன்னுக்கு எட்டுப் பேர், பின்னுக்கு எட்டுப் பேர். முந்தின வருசம் பதின்மூன்று பேர்தான் நின்றார்கள். முடக்கில் திரும்பும்போது ஒரு பக்கம் பதிந்து, சாமி சரிந்து, ஐயர் கத்திவிட்டார். அதனால்தான் கூட்டம்.

"அத்தான், சில்லுப் பூட்டுவம்," என்றார் மச்சான் போனுக்குள் இருந்து. "இஞ்ச எங்கட கோயில்ல சில்லுதான். நாலு பேர் தள்ளினாக் காணும். செலவை நான் பாக்கிறன்."

"சாமியை வண்டில்ல வச்சுத் தள்ளுறதோ?" என்றார் தலைவர். "ஐஸ்கிறீம்காரன் மாதிரி?"

"மணியையும் கட்டி விடுங்கோ மாஸ்டர்," என்றார் மாட்டுக்காரரில் மூத்தவர். "ஊரில மிச்சம் இருக்கிற பிள்ளையள் ஓடிவருங்கள்."

ஐயர்கூடச் சிரித்தார்.

நான் கூட்டத்தில் கதைக்கிறவன் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். "சில்லு வேண்டாம். தோள்தான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகனும் பார்த்தான்.

"தோளுக்கு ஆள் எங்கை அத்தான்?"

"நீங்கள் வாங்கோவன்."

போனுக்குள் போர்வை விலகியது. பிறகு மச்சான் எழும்பி இருந்தார். "சரி. வாறம். இந்தமுறை இருபது பேர் வருவம். குறூப்பில போடுறன். ஆனா ஒண்டு. சாமி எங்கட எல்லாற்றை வாசல் படலையிலையும் நிக்க வேணும். ஆள் இல்லாட்டியும் நிக்க வேணும். நிறைகுடம் நீங்கள் வையுங்கோ. வீட்டுப் பூட்டுத் திறப்பு உங்களிட்டைத்தானே கிடக்கு."

செயலாளர் கொப்பியில் பதினாறு என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

நான் பக்தியில் தோள் கேட்கவில்லை. அதை இப்ப சொல்லலாம்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மழைக்கு ஒரு போகம் நெல். பத்துப் பன்னிரண்டு ஆடு. அதோடு ஏழு வீட்டுத் திறப்பு. எங்கள் ஒழுங்கையில் இருபத்தாறு வீடு. அடுப்பெரிகிறது எட்டில். மிச்சம் பூட்டு. கனடா, பிரான்ஸ், சுவிஸ், கொழும்பு. அதில் ஏழு வீட்டை நான் பார்க்கிறேன். கூட்டுவேன். கிணறு பழுதாகாமல் இறைப்பேன். வெள்ளிக்கிழமை ஏழு சாமியறையிலும் விளக்கு வைப்பேன். அந்த ஏழு வீட்டுச் சாமிக்கும் என் முகம்தான் பழக்கம்.

மச்சானின் வீடுதான் புதிது. மாபிள், சீமெந்து, கம்பி எல்லாம் படகில் வந்தது. இறங்குதுறையிலிருந்து என் மகன்தான் ஏற்றி இறக்கினான். மூன்று அறை. இரண்டுக்குள் குளியலறை. புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்து பதினொரு நாள் இருந்தார்கள். பிறகு பூட்டி, திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை அவருடைய மூத்த பெட்டை வந்தாள். உவர்த்தண்ணியில் தலை முழுகிப் பார்த்தாள். அடுத்த நாள் படகுக்குப் போய்விட்டாள். நல்ல பிள்ளை. போகும்போது என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஏன் அழுதாள் என்று தெரியாது.

மகன் ஓட்டோ வைத்திருந்தான். காலமைப் படகில் ஊர் பார்க்க வருகிறவர்களைக் குதிரை நிற்கிற வெளிக்கும், கோட்டைக்கும், பெருக்கமரத்துக்கும் கொண்டுபோவான். பின்னேரப் படகுக்கு அவர்கள் போய்விடுவார்கள். சோத்துப் பார்சலும் அவர்களே கொண்டுவருவார்கள். எங்கள் ஊரில் விட்டுப்போவது வெறும் போத்தல்தான்.

"தங்க இடம் இருக்கோ எண்டு கேக்கினம் அப்பா," என்று ஒருநாள் சொன்னான். "ஒரு இரவு நிண்டால் மூண்டு நேரம் சாப்பிடுவினம். அம்மா சமைக்கலாம். மாட்டுக்கார மாமா பால் தருவார். மீனுக்கு ஆள் இருக்கு. ரெண்டு அறை காணும்."

அவன் கனக்கக் கதைக்கிறவன் இல்லை. அன்றைக்குக் கதைத்தான். தண்ணிக்குத் தாங்கி எங்கே வைக்கிறது, கட்டில் எத்தனை, எல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

மாமனுக்குப் போன் எடுத்துக் கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, அது எங்கட வீடெல்லே," என்றார் மச்சான். "பிறத்தியார் படுத்த கட்டில்ல நாங்கள் வந்து படுக்கிறதோ? பிள்ளையள் வந்தால் எங்கை நிக்கிறது?"

"நீங்கள் வரேக்கை விட்டுத் தருவன் மாமா."

"அதெல்லாம் சரிவராது ராசா."

மகன் "ஓம் மாமா" என்று வைத்தான். போய் ஓட்டோவைக் கழுவினான். அது காலமைதான் கழுவினது.

மச்சான் கெட்டவர் இல்லை. அது மனதில் கிடந்து உறுத்தியிருக்க வேணும். ஒன்றரை மாதம் கழித்து அவரே போன் எடுத்து, விசிற் விசாவுக்குக் கடிதம் அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். இரண்டு அறை தர ஏலாதவர், கனடாவைத் தந்தார்.

கூட்டத்துக்கு முந்தின கிழமை விசா வந்தது எனக்கு மனைவி சொல்லித்தான் தெரியும். குசினியில் மீன் வெட்டிக்கொண்டு, நிமிராமல் சொன்னாள்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"தீர்த்தம் முடியட்டும் எண்டவன். சாமிக்குத் தோள் குறையுமாம்."

"உனக்குச் சம்மதமோ?"

"எனக்கென்ன சம்மதம்? நீங்கள் ஏழு வீட்டுக்குத் திறப்பு வச்சிருக்கிறியள். உங்கட பிள்ளைக்கு ஒரு பொம்பிளை எடுக்க ஏலேல்லை. நெடுந்தீவு எண்டவுடன கேட்ட சாதகத்தைத் திருப்பித் தருகினம். அவன் இஞ்ச இருந்து என்ன, உங்களோட சேர்ந்து கிணறு இறைக்கிறதோ?"

அவள் சொன்னது சரி. மூன்று இடத்தில் கேட்டோம். ஒருவர், பெடியன் யாழ்ப்பாணத்தில் வந்து இருப்பானோ என்றார். ஒருவர், நோய் வருத்தம் எண்டால் படகு வருமோ என்றார். மற்றவர் சாதகத்தை மட்டும் திருப்பித் தந்தார்.

அவன் தோளுக்காகத்தான் ஒரு மாதம் நின்றான். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இந்த வருசம் தோள் வேணும் என்றால், அடுத்த வருசமும் வேணும். சில்லுப் பூட்டினால் அவன் தேவையில்லை என்றாகிவிடும். இது ஒரு மொக்குக் கணக்கு. எனக்கு வேறு கணக்குத் தெரியாது. நில் என்று வாயால் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் தகப்பனும் என்னைக் கேட்டதில்லை. நானாகத்தான் நின்றனான்.

தீர்த்தத்துக்கு இருபது பேர் வரவில்லை. மூன்று பேர் வந்தார்கள். மச்சான். பிரான்சிலிருந்து ஒரு தகப்பன், அவருடைய மகன். மற்றவர்களுக்கு லீவு இல்லை, ரிக்கற் விலை, பிள்ளைக்குச் சோதினை. குறூப்பில் எல்லோரும் கும்பிட்ட கை போட்டார்கள்.

விடிய முன்னம் நானும் மனைவியும் ஏழு படலையிலும் நிறைகுடம் வைத்தோம். இலை போட்டு, நெல் பரவி, குடம் வைத்து, மாவிலை, தேங்காய். பக்கத்தில் குத்துவிளக்கு. சோளகக் காத்துக்குத் திரி நிற்கவில்லை. மற்றத் திறப்புக்காரரும் தங்கள் தங்கள் வீடுகளுக்கு வைத்தார்கள். வெளிச்சம் வரப் பார்த்தால் ஒழுங்கை முழுக்க நிறைகுடம். இருபத்தாறு படலையிலும். ஆள் நின்றது எட்டில். என் நினைவில் அப்படி எல்லாப் படலையும் நிறைந்து பார்த்ததே இல்லை. முந்தி ஆட்கள் இருந்த காலத்தில் வறுமைக்கு வைக்காதவர்கள் இருந்தார்கள், கோபத்துக்கு வைக்காதவர்கள் இருந்தார்கள். இப்போது ஆள் இல்லை, குறைவும் இல்லை.

காவ வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. நான் ஒருத்தன்.

வலப்பக்கத் தடியில் மகன் எனக்கு முன்னுக்கு நின்றான். தூக்கினோம். பதினாறு பேர் பாரத்தைப் பன்னிரண்டு பேர் தூக்கினால் நடக்கலாம். நிற்கத்தான் ஏலாது. நடக்கும்போது பாரம் முன்னுக்கு இழுக்கும், கால் தன்பாட்டில் போகும். நின்றால் முழுப் பாரமும் நேரே கீழே இறங்கும். அன்றைக்கு எங்கள் வேலை நிற்கிறதுதான். ஒவ்வொரு படலையிலும் நின்றோம். செயலாளர் போனைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போவார். படலை வந்தவுடன் கையைக் காட்டுவார். நாங்கள் நிற்போம். ஐயர் தீபம் காட்டுவார். போனுக்குள் யாரோ அழுவார்கள். பிறகு நடப்போம். முப்பது அடியில் அடுத்த படலை.

பூட்டின வீட்டுக்கு முன்னால் சாமி நின்றால் அங்கே இருக்கிறவர்களுக்கு ஊருக்கு வந்த மாதிரி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோள் இருந்த காலத்தில் எட்டோ பத்தோ படலை. தோள் இல்லாத காலத்தில் இருபத்தாறு. இப்படி ஒரு கணக்கை எங்கள் ஊரார்தான் போடுவார்கள்.

நான் மகனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வேறு பார்க்க இடமில்லை. வலக்காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். சின்னனில் கிணத்தடியில் குளிக்கவார்க்கும்போது பார்த்தது. இருபது வருசமாக அது என் கண்ணில் படவில்லை. அங்கேயே இருந்திருக்கிறது.

"அப்பா, தோளை மாத்துங்கோ," என்றான் திரும்பாமல்.

"ஏலும்."

"மூச்சுச் சத்தம் கேக்குது. மாத்துங்கோ."

மாற்றினேன்.

மச்சானின் படலை பதினேழாவது. அவர் பட்டு வேட்டியோடு முன்னுக்கு ஓடி வந்து செயலாளரிடம் போனை வாங்கினார். கனடாவில் மனைவி, பிள்ளைகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் சிக்னல் விட்டுவிட்டது. படம் நின்றுவிட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார். போனை உயர்த்தினார். மதிலில் ஏறினார். "இப்ப வந்திடும். கொஞ்சம்."

ஐயர் தீபம் காட்டி முடித்துவிட்டு, திரும்பவும் காட்டினார். திரி நூர்ந்து அணைந்தது. பிரான்ஸ் பெடியனின் தோளில் தோல் உரிந்து, வேர்வையோடு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தமிழ் மட்டுமட்டு. தடியை விடாமல் நின்றான். எனக்குப் பின்னால் தபால்காரர் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிற சத்தம் மணலில் கேட்டது.

"மாமா," என்றான் என் மகன். குரல் உயரவில்லை. "நீங்களும் ஒருக்காத் தோள் குடுங்கோ."

"எனக்கு நாரி ஏலாது தம்பி. டொக்டர் சொன்னவர்."

"கனடாவில பனி வழிக்கிற நாரி," என்றார் மாட்டுக்காரரில் மூத்தவர், தடிக்குக் கீழே இருந்து. "சாமிக்கு மட்டும் ஏலாதாம். மதில் ஏற ஏலுமாம்."

தடியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் சாமி ஆடியது. ஐயர் "பார்த்து, பார்த்து" என்றார்.

மச்சானின் முகம் சிவந்தது. போனை என் மனைவியின் கையில் கொடுத்தார். வந்து, மகனுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். நடந்தோம். இரண்டு படலை தாண்டி, மதகடியில் விலகி, கல்லில் இருந்துவிட்டார். தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யாரும் போனைப் பிடிக்கவில்லை. என் மனைவி அதைச் சேலையில் முடிந்துவிட்டாள். கடல்வரை நிற்காமல் போனோம். கடலில் சாமி முழுகினது. நாங்களும் உடுப்போடு முழுகினோம். உரிந்த தோளில் உப்பு எரிந்தது.

மத்தியானம் மடத்தில் அன்னதானம். மச்சான் மகனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நான் சாம்பார் வாளியோடு நின்றேன்.

"தம்பி, நான் யோசிச்சனான். அந்த ரெண்டு அறையையும் நீ எடு. ஆக்களை விடு. எனக்கு ஒண்டும் தர வேண்டாம்."

மகன் சோற்றைப் பிசைகிறதை நிற்பாட்டினான். நானும் வாளியோடு நின்றேன். அந்த நேரம் மடத்தில் கனக்கப் பேர் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு காலத்துக்கு மாமா?"

"நாங்கள் வருமட்டும்."

"எப்ப வருவியள்?"

மச்சான் யோசித்தார். பொய் சொல்லவில்லை. "அது சொல்லேலாது. பென்சன் எடுத்தால் வருவம். இல்லாட்டி அடுத்த வருசமே வந்தாலும் வருவம். வந்தால் எங்களுக்கு வீடு வேணும்தானே ராசா."

மகன் என்னைப் பார்த்தான். நான் நினைக்கிறேன், அப்போது நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருப்பான். எங்கள் வீட்டை இடித்துக் கட்டுவம் என்று சொல்லியிருக்கலாம். ஆட்டை விற்பம் என்று சொல்லியிருக்கலாம். நில் என்று சொல்லியிருக்கலாம்.

"சாம்பார் விடட்டோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்," என்றான்.

மூன்றாம் நாள் காலமைப் படகு. மச்சானும் அவனும் ஒன்றாகப் போனார்கள். கடல் அடித்தது. இறங்குதுறையில் மனைவி வரவில்லை, படலையோடு நின்றுவிட்டாள். மகன் ஓட்டோத் திறப்பை என் கையில் தந்தான்.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ அப்பா. இல்லாட்டி பற்றரி இறங்கிப்போகும்."

"ஓம்."

நின்றான். படகில் ஏறச் சொல்லிக் கத்தினார்கள். பிறகும் நின்றான்.

"வேற ஒண்டும் இல்லையோ?"

"கவனம்," என்றேன்.

படகு குறிகட்டுவான் பக்கம் திரும்புமட்டும் நின்று பார்த்தேன். பிறகு ஓட்டோவை உருட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அது ஓடத் தெரியாது.

இப்போது தெரியும். சனிக்கிழமைகளில் ஸ்ராட் பண்ணுவேன். சும்மா நிற்க விட்டால் எண்ணெய் வீண் என்று ஒழுங்கை முடக்குவரை ஓடுவேன். பிறகு இறங்குதுறைவரை. ஒருமுறை காலமைப் படகில் வந்த புருசன் பெண்சாதி கையைக் காட்டினார்கள். ஏற்றினேன். பெருக்கமரம் காட்டினேன். குதிரை காட்டினேன்.

"ஒரு நாள் தங்கிப் பாக்க வேணும் போல கிடக்கு," என்றாள் அந்தப் பிள்ளை. "இடம் ஏதும் இருக்கோ ஐயா?"

மச்சானின் வீட்டுத் திறப்பு என் மடியில் இருந்தது. அன்றைக்குத்தான் கூட்டிக் கழுவினது.

"இல்லை," என்றேன்.

மகன் கிழமைக்கு இரண்டு தரம் எடுப்பான். எங்களுக்கு விடியும்போது அங்கே முதல் நாள் இரவு. ஏதோ பெரிய சாமான் கட்டிடத்தில் பெட்டி அடுக்குகிறானாம். படகு ஓடினதோ என்று கேட்பான். மறி ஆடு குட்டி போட்டதோ என்று கேட்பான். ஓட்டோச் சத்தம் எப்படி என்று கேட்பான். ஒருநாள், "சத்தத்தைக் கேக்க விடுங்கோ," என்றான். ஸ்ராட் பண்ணி, போனைக் கிட்டப் பிடித்தேன். கன நேரம் கேட்டான். பிறகு, "சைலன்சர் கொஞ்சம் லூசு," என்றான். முறுக்கினேன். சரியாகத்தான் சொன்னான்.

தீர்த்தத்துக்கு வருவானோ என்று நான் கேட்கவில்லை. மனைவி கேட்டாள்.

"வரேலாது அம்மா," என்றான். "அகதிக் கேஸ் போட்டிருக்கு. பேப்பர் கிடைக்குமட்டும் வெளிய போகேலாது. அஞ்சாறு வருசம் எண்டு சொல்லினம். கூடவும் எடுக்கலாம்."

அவள் போனை என்னிடம் தந்தாள். நான் காதில் வைத்தேன். இரண்டு பேரும் மூச்சு விடுகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தோள் காணுமோ அப்பா?" என்று கேட்டான்.

"பாப்பம்."

பிறகு போய்க் கதிரையில் இருந்து எண்ணிப் பார்த்தேன். தபால்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். மாட்டுக்காரரில் இளையவர் கிளிநொச்சிக்குப் போய்விட்டார், பிள்ளையின் படிப்பு. பிரான்ஸ் பெடியன் வருவேன் என்று எழுதியிருந்தான், அவனை நம்பலாம், ஆனால் ஒருத்தன். எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. மகனின் அந்தக் காதடி மச்சத்துக்குப் பின்னால் இன்னொரு ஐந்தாறு தீர்த்தம் நடக்கலாம் என்றால் நான் நடப்பேன். அது முன்னுக்கு இருக்காது.

மாசியில் மச்சான் எடுத்தார்.

"அத்தான், இந்தமுறை கட்டாயம் வாறம். நான் குறூப்பில போட்டிட்டன். இருபது பேர்."

"நீர் கஸ்ரப்பட வேண்டாம்," என்றேன். "சில்லை அனுப்பும்."

அங்கே தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. பின்னால் என் மகன் யாரோடோ கதைக்கிற குரல் மாதிரியும் கேட்டது. அவனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"நீங்கள்தானே அத்தான் வேண்டாமெண்டு நிண்டது?"

"ஓம். அப்ப வேண்டாம். இப்ப அனுப்பும்."

"சரி. பேனையை எடுக்கிறன், பொறுங்கோ." எடுத்தார். "எத்தனை சில்லு?"

"நாலு."